அந்தக் காய்ச்சல் எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். முப்பது ஆண்டு தமிழ் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள். ஆளுக்கொரு பக்கமாகச் சத்தம் போட்டு வாசிப்போம். இரண்டு ஆண்டாக அவர்களுக்காக நானே ஒரு நாவல் எழுதி வருகிறேன். மந்திரமும் மாயமும் சூனியக்காரியும் வருகிற நாவல். இளையோருக்கான மாயக்கதைகள் பற்றிப் பேச வாருங்கள் என்று உதகை வானொலி நிலையத்தார் அழைத்தபோது, அந்த நாவல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையே சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதல் அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய நாள். கதை இப்படித் தொடங்கும்: ஐப்பசி மழை. மண் சரிந்து சாலை அடைபட்டுக் கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு சின்னப் பையன் காய்ச்சலில் பிதற்றுகிறான். அவன் அக்காவுக்குப் பதினைந்து வயது. பாட்டி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் தழையை எடுத்து, தலையிலிருந்து கால்வரை மூன்று முறை வருடிக் காய்ச்சலை இறக்குகிறாள். வேப்பிலை என்று எழுதக் கை போனது. எங்கள் குளிருக்கு வேம்பு செழிக்காது என்பதால் காட்டுத் தழை என்று எழுதினேன். விடியும்போது பையனுக்கு உடம்பு குளிர்ந்துவிடுகிறது. கஞ்சி கேட்கிறான்.

வாசித்து முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"டீச்சர், பாட்டி காய்ச்சல இறக்கிட்டாங்க, சரி. இறக்கி எங்க வச்சாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியால் நாவல் முழுவதையும் திரும்ப எழுத வேண்டிவந்தது.

அவள் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. தமிழை நன்றாகக் காதில் வாங்கிய பிள்ளை கேட்கிற கேள்வி. விஷத்தை இறக்குகிறோம், பார்வை இறக்குகிறோம், காத்து கருப்பை இறக்குகிறோம். தலைச்சுமையையும் இறக்குகிறோம். சுமையை இறக்கினால் அது கரைந்துபோவதில்லை, சுமைதாங்கிக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் உடம்பிலிருந்து இறக்கிய காய்ச்சல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது?

திருஷ்டி கழிப்பதை நினைத்துப் பாருங்கள். கல் உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போடுவது ஒரு வகை. எலுமிச்சையையோ பூசணியையோ சுற்றி முச்சந்தியில் கொண்டுபோய்ப் போடுவது இன்னொரு வகை. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்து இழுத்திருப்பார்: "அதத் தாண்டாத, யாரோ கழிச்சுப் போட்டிருக்காங்க." நாமும் சுற்றிக்கொண்டு போயிருப்போம். இதில் ஒரு பயங்கரம் ஒளிந்திருக்கிறது. பழகிவிட்டதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. என் வீட்டுப் பீடையை நான் முச்சந்தியில் வைத்துவிட்டு வந்தால், விடியற்காலையில் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியே வருகிற, யாரும் கை பிடித்து இழுக்காத ஒருவர் அதைத் தாண்டுவார். நம் மரபில் மந்திரத்துக்கு விலை உண்டு. பல சமயம் அதைக் கொடுப்பது மந்திரம் போட்டவர் இல்லை.

இளையோருக்காக எழுதப்படும் மாயக்கதைகளில் நல்லவை எல்லாம் ஒரு நியதியைக் காப்பாற்றும். மந்திரம் சும்மா கிடைக்காது, ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றைப் பெற வேண்டும். குச்சியை ஆட்டியதும் எல்லாம் நடந்துவிடுகிற கதையைப் பத்து வயதுப் பிள்ளை ரசிக்கும். பதினைந்து வயதில் அது போதாது. தான் செய்கிற காரியத்துக்கு விளைவு உண்டு என்று அந்த வயதில்தான் உடம்பிலே தெரியத் தொடங்குகிறது. அதனால்தான் ஆபத்தான மந்திரத்தைப் பற்றிய கதைகள் அவர்களை இப்படி இழுக்கின்றன.

இந்த வகைக் கதை வெளிநாட்டிலிருந்து நமக்கு வந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். துறவுக் காப்பியம், பௌத்த தத்துவம் என்று பாடப்புத்தகத்தில் படித்து மறந்திருப்போம். அதையே ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் கதையாகப் படித்துப் பாருங்கள். அரசகுமாரன் உதயகுமரன் அவளை விடாமல் துரத்துகிறான். மணிமேகலா தெய்வம் அவளைத் தூங்கும்போதே தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே மூன்று மந்திரங்களைக் கற்றுத் தருகிறது. வேற்றுருக் கொள்வது ஒன்று, வானத்தில் பறப்பது ஒன்று, பசியை வெல்வது ஒன்று. அந்த வயதுப் பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

சீத்தலைச் சாத்தனார் அதோடு விடவில்லை. காயசண்டிகை என்று, வானில் பறக்கத் தெரிந்த ஒரு வித்தியாதரப் பெண். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒரே ஒரு கனி தருகிற நாவல் மரம். அந்தக் கனிக்காகக் காத்திருந்த முனிவர். பொதியில் மலைக்கு வந்தவள் தெரியாமல் கனியைக் காலால் மிதித்துவிடுகிறாள். பன்னிரண்டு ஆண்டும் நீ தீராப் பசியால் வாடு என்று சாபம். பறக்கும் மந்திரமும் அவளுக்கு மறந்துபோகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குறிஞ்சி பூப்பதைப் பார்க்கிற மலைக்காரர்களான நமக்கு அந்தக் கணக்கின் கனம் புரியும். மணிமேகலையின் கையால் முதல் சோறு வாங்கி உண்டதும் அவள் பசி தீர்கிறது. ஊருக்குப் பறந்து போகிறாள்.

உதயகுமரனிடமிருந்து தப்பிக்க மணிமேகலை எடுப்பது அந்தக் காயசண்டிகையின் உருவத்தைத்தான். மனைவியைத் தேடி வந்த காஞ்சனன் இவளைத் தன் மனைவி என்றே நினைக்கிறான். இவள் அவனைக் கண்டுகொள்ளாமல் உதயகுமரனிடம் பேசுவதைப் பார்த்துக் கொதிக்கிறான். நள்ளிரவில் அம்பலத்துக்கு வந்த அரசகுமாரனை வாளால் வெட்டிச் சாய்க்கிறான். மணிமேகலை யாருக்கும் கேடு நினைக்கவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள ஓர் உருவத்தை இரவல் வாங்கினாள், அவ்வளவுதான். ஓர் உயிர் போய்விட்டது. அரசன் அவளைச் சிறையில் வைக்கிறான். மகனைப் பறிகொடுத்த அரசி அவளைத் தன்னிடம் கொண்டுவந்து பட்டினி போடுகிறாள். அங்கே மூன்றாவது மந்திரம் அவளைக் காக்கிறது. ஒரு மந்திரம் கொன்றது, இன்னொன்று காத்தது, இரண்டையும் கொடுத்தது ஒரே தெய்வம். இவ்வளவு ஆபத்தான மாயக்கதையை வைத்துக்கொண்டு அதை வினா விடைக்காகப் படிக்க வைத்தோமே என்று, நானும் அப்படிக் கற்றுக்கொடுத்தவள் என்பதால், எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

சரி, சூனியக்காரிக்கு வருகிறேன்.

தமிழில் மந்திரவாதி என்றால் அது ஒரு தொழில். பயம் இருக்கும், கூடவே கொஞ்சம் மரியாதையும் இருக்கும். காணிக்கை கொடுப்பார்கள். சூனியக்காரி என்றால் வசவு. காணிக்கை கிடையாது, கல்தான். சூனியம் என்ற சொல்லுக்கு வெறுமை, ஒன்றுமில்லாமை என்று பொருள். ஒன்றுமில்லாதவள் மீதுதான் அந்தச் சொல் சுலபமாக ஒட்டுகிறது. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, கேட்க நாதி இல்லை என்றால் அந்த வீட்டு வாசலில் அது தானாக வந்து நிற்கும்.

ஐரோப்பாவிலும் அப்படித்தான். சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி அங்கே நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவின் சேலம் என்ற ஊரில் 1692-ல் நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அங்கே முதலில் விரல் நீட்டியவர்கள் சிறுமிகள். ஒருத்திக்கு 9 வயது, ஒருத்திக்கு 11, ஆன் புட்னம் என்பவளுக்கு 12. அவர்கள் வலிப்பு வந்ததுபோல் துடித்தார்கள், பெயர்களைச் சொன்னார்கள், பெரியவர்கள் எழுதிக்கொண்டார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வழக்கை எதிர்கொள்ள மறுத்த முதியவர் ஒருவர் மீது கல் அடுக்கி அடுக்கியே கொன்றார்கள்.

நம் நாட்டில் இது பழங்கதை ஆகிவிடவில்லை. சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்க ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்கள் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. இந்தக் கொடுமையை எதிர்த்துப் போராடிய அசாமின் பிருபாலா ராபாவுக்கும் ஜார்க்கண்டின் சுட்னி மஹதோவுக்கும் 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சுட்னி மஹதோ தாமே அப்படி முத்திரை குத்தப்பட்டு, அவமானப்பட்டு, ஊரைவிட்டு ஓடியவர். பிறகு தம்மைப்போன்ற பெண்களுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். மாயக்கதை வாசிக்கிற என் பிள்ளைகளுக்கு இந்த இருவரின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இனி நம் மலையைப் பற்றி. இதைப் பேச எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் நீலகிரியில் உட்கார்ந்து சூனியம் பற்றி நாவல் எழுதுகிறவள் இதைத் தாண்டிப் போகக்கூடாது.

மலையின் மேட்டு நிலத்தில் படகர்கள், தோதவர்கள், கோத்தர்கள் வாழ்ந்தார்கள். கீழே சரிவுக் காடுகளில் குறும்பர்கள் வாழ்ந்தார்கள். தேன் எடுப்பார்கள், மூலிகை தெரியும், காட்டின் பேச்சு தெரியும். மேலே இருந்தவர்களுக்குக் குறும்பரின் மந்திரத்தின் மேல் அளவில்லாத பயம். அதே சமயம் விதைப்புக் காலம் வந்தால் முதல் விதையைத் தூவக் குறும்பரைத்தான் அழைப்பார்கள். அவர் கை பட்டால் பயிர் விளங்கும், பீடை அண்டாது. வேண்டும்போது வாழ்த்துகிற கை, மாடு செத்தாலோ பிள்ளை செத்தாலோ சூனியம் வைத்த கை ஆகிவிடும். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1909-ல் வெளியிட்ட தொகுப்பில் இதன் முடிவு பதிவாகியிருக்கிறது. 1835-ல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1875-லும் 1882-லும் மறுபடி கொலைகள், எண்ணிக்கை குறைவு. 1900-ல் ஒரு குறும்பர் குடும்பமே கொல்லப்பட்டது. குடும்பத் தலைவர் வைத்தியம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். ஓர் ஊருக்குள் நோயையும் சாவையும் கொண்டுவந்தார் என்பது அவர் மேல் விழுந்த பழி.

அந்தக் காலத்தில் சரிவுக் காட்டுக்கு இறங்கிப் போய் வந்தவர்கள் காய்ச்சலில் விழுவது வழக்கம். மேலே குளிரில் இல்லாத காய்ச்சல் கீழே இருந்தது. குறும்பர் ஊர்ப்பக்கம் போனான், வந்தான், படுத்தான், செத்தான் என்றால் பழி எங்கே போகும்? 1897-ல் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் உதகைக்கு வந்திருந்தார். மலேரியா எப்படி மனிதனுக்குள் நுழைகிறது என்று தேடிக்கொண்டிருந்தவர். சீகூர்ச் சரிவில் இறங்கிப் பார்த்தார். அவருக்கே மலேரியா வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ம் தேதி செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை அவர் கண்டுபிடித்தார். இது 1897. வைத்தியம் தெரிந்த அந்தக் குறும்பரும் அவர் குடும்பமும் கொல்லப்பட்டது 1900. இந்த இரண்டு ஆண்டுகளையும் என் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

யாரையும் இன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. இந்த மலையின் எல்லா மக்களோடும் வாழ்ந்து பழகியவள் நான். படகர்கள் கும்பிடுகிற ஹெத்தையம்மனின் பெயருக்கே பாட்டி என்றுதான் பொருள். பேரகணியில் ஹெத்தை பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு மலையேறி வருகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ நாட்டுக் கதைகளில் கூன் விழுந்த கிழவி வந்தாலே அவள் சூனியக்காரி. இங்கே ஒரு மூதாட்டியைத் தெய்வமாக்கி அவள் முன்னால் விழுந்து கும்பிடுகிறார்கள். மாயக்கதை எழுதுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய கொடை! அந்தக் கொடையும் இந்த ரத்தமும் ஒரே மலையில் இருக்கின்றன.

என் வாசிப்பு வட்டத்தில் குறும்பர் வீட்டுப் பையன் ஒருவன் உண்டு. வேங்கை மரத்துப் பிசினை வைத்து அவர்கள் பாறையிலும் சுவரிலும் வரைந்துவந்த ஓவியங்களைக் காகிதத்தில் அழகாக வரைவான். இந்தப் பழைய செய்திகளை நான் சொன்ன நாளில் எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான்.

"எங்க தாத்தாவோட தாத்தாவப் பாத்து ஊரே பயப்படுமாம் டீச்சர். அவருக்கு ஊரப் பாத்துப் பயமாம். ராத்திரி தூங்கவே மாட்டாராம்."

அவன் சொன்ன பிறகு ஒன்று முடிவு செய்தேன். காட்டிலிருந்து வருகிற குறும்பர் மந்திரவாதி என்றொரு பாத்திரம் என் நாவலின் முதல் வரைவில் இருந்தது. கதைக்கு விறுவிறுப்பு தருவார், பிள்ளைகளும் ரசிப்பார்கள். அவரை எடுத்துவிட்டேன். நூறு ஆண்டுக்கு முன் ஆட்களைக் கொன்ற ஒரு நம்பிக்கையை, இன்று கதைக்கு மிளகாய்த்தூளாகத் தூவ எனக்கு உரிமை இல்லை. தமிழில் மாயக்கதை எழுத வருகிற இளைஞர்களிடம் நான் வேண்டிக் கேட்பதும் இதுதான். மலைவாழ் மக்களை மந்திரவாதிகளாக எழுதிவைக்காதீர்கள். பயம் வேண்டுமா, உங்கள் வீட்டுக்குள்ளே, உங்கள் தெருவிலே தேடுங்கள், கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் இலங்கையில் பிறந்தவள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பம் எங்களுடையது. ஆறு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினேன். பிறகு இந்த மலை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் லைன் வீடு. லைனில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள அறையைக் காம்பரா என்போம். எங்கள் லைனின் கடைசிக் காம்பராவில் ஓர் அம்மா தனியாக இருந்தார். புருஷன் கப்பல் ஏறும் முன்னே இறந்துவிட்டார். பிள்ளைகள் கிடையாது. எல்லோரும் அம்மாயி என்போம். கொழுந்து எடுக்கப் போய்த் திரும்பும்போது மடியில் ஏதாவது தழை கொண்டுவருவார். எனக்கு அப்போது ஓயாத இருமல். சுக்கும் மிளகும் அந்தத் தழையும் போட்டுக் கசாயம் வைத்துத் தருவார். இருமல் நின்றது.

1976, ஐப்பசி. எனக்கு 11 வயது. மூன்றாவது காம்பராவில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. மருந்து கொடுக்க வேண்டிய கம்பவுண்டர் ஊரில் இல்லை. மழையில் ஓடைத் தண்ணீர் கலங்கிச் செம்மண்ணாக ஓடியது, அதைத்தான் எல்லோரும் குடித்தோம். மறுநாள் சாயங்காலம், தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பெண்கள் கூடி நின்றார்கள். யாரோ ஒருத்தி கண் பட்டிருக்கும் என்றாள். இன்னொருத்தி கண் மட்டுமா என்றாள். யார் குழந்தையைப் பார்க்க வந்தது, யார் தொட்டது என்று பேச்சு போனது. நான் கூட்டத்து ஓரத்தில் நின்றிருந்தேன். எனக்குத் தெரியும். முந்தைய நாள் அம்மாயி குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அது தாலாட்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் சொன்னேன்: "அம்மாயி பாப்பாவ உத்துப் பாத்தாங்க. வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாங்க."

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. அதுவரை பெரியவர்கள் யாரும் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. அந்த நொடி எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்தால் நான் இங்கே பேசியது எல்லாம் வீண். எனக்குப் பிடித்திருந்தது.

யாரும் அவரை அடிக்கவில்லை. கதவில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். குழாயடியில் அவர் குடத்தைத் தள்ளிவிட்டார்கள். கொழுந்து நிறுக்குமிடத்தில் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. எட்டாம் நாள் அவர் புறப்பட்டுவிட்டார். தலையில் தகரப்பெட்டி, கக்கத்தில் கோழி. எங்கள் காம்பரா வாசலைத் தாண்டும்போது நான் படியில் நின்றிருந்தேன். என் முகத்தைப் பார்த்தார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், ஒரே லைனில் எதுவும் மறைவதில்லை. "பனியில நிக்காத ஆயி, இருமல் திரும்பிக்கிரும்" என்றார். அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் போகிற பாதையில் இறங்கிப் போனார். பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

சேலத்தில் பெயர் சொன்ன ஆன் புட்னம் பதினான்கு ஆண்டு கழித்து, 1706-ல், தன் ஊர்த் தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள். அவள் எழுதித் தந்த மன்னிப்பைப் போதகர் வாசித்தார். பழி சுமத்திய சிறுமிகளில் அப்படிப் பொதுவில் மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான். இதை ஒரு கட்டுரையில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்குப் பதினான்கு ஆண்டு பிடித்தது. எனக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு பிடித்திருக்கிறது. எழுந்து நிற்கத் தேவாலயம் இல்லை, இந்த ஒலிவாங்கிதான் இருக்கிறது. அந்த லைனில் அன்று இருந்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், கேளுங்கள்: அம்மாயி பாடியது தாலாட்டு.

ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் கேள்விக்குப் பதில் எனக்கு இங்கிருந்துதான் கிடைத்தது. ஒரு குழந்தை செத்துப்போன துக்கம் அந்த லைன் முழுக்க இருந்தது. கலங்கிய தண்ணீர் மேல், வராத கம்பவுண்டர் மேல், எங்கள் வறுமை மேல் வைத்திருக்க வேண்டிய சுமை அது. நாங்கள் அதை இறக்கிக் கடைசிக் காம்பராவின் வாசலில் வைத்தோம். வைக்கும் இடத்தைக் காட்டியது என் விரல்.

இப்போது நாவலில் அந்தப் பெண், பாட்டி இல்லாத ஒரு இரவில் தானே காய்ச்சலை இறக்குகிறாள். எங்கே வைப்பது என்று பாட்டி இன்னும் சொல்லித்தரவில்லை. அவசரத்தில் முச்சந்திக் கல்லின் மேல் வைத்துவிட்டு வருகிறாள். விடியற்காலையில் தண்ணீருக்குப் போன ஒரு சிறுமி அந்தக் கல்லில் குடத்தை வைத்து இளைப்பாறுகிறாள். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். ஊர் சூனியக்காரியைத் தேடத் தொடங்குகிறது. கடைசி வீட்டுக் கிழவி மேல் கண் விழுகிறது. கல்லின் மேல் வைத்தது யார் என்று ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பயத்தை நான் குறைத்து எழுதவில்லை. பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு இருட்டு என்று நண்பர்கள் கேட்டார்கள். பதினோரு வயதில் நான் அந்த இருட்டுக்குள்தான் நின்றிருந்தேன், கையில் ஒரு கதையும் இல்லாமல். ஒரு பெண் வாய் திறந்து உண்மையைச் சொல்லுகிற ஒரே ஒரு கதை அன்று எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் எழுதிய பக்கத்தை வாசித்துவிட்டு விடைபெறுகிறேன்.

"தீப்பந்தங்கள் கடைசி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. மூடுபனியில் முகங்கள் தெரியவில்லை, குரல்கள் மட்டும். கிழவி வெளியே வந்தாள். கையில் பாதி அரிந்த கீரைக்கட்டு. என்ன சாமி, இந்த நேரத்தில, என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றவளுக்குத் தொண்டை அடைத்தது. பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. இறக்குறது லேசு ஆயி. வைக்கிற எடம்தான் கஷ்டம். மண்ணு தாங்காது, மரம் பட்டுப்போகும், கல்லு அடுத்தவனுக்குக் குடுத்துரும். கடைசியா ஒரு எடம் இருக்கு. அதுல வச்சா அப்புறம் யாருக்கும் போகாது. ஆனா வச்சவளுக்கு வலிக்கும்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஈர மண் பாதத்தில் சில்லிட்டது. கிழவியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பந்தங்களின் வெளிச்சம் இப்போது இரண்டு முகங்களின் மேல் விழுந்தது.

அந்தக் கல்லுல வச்சது நானு, என்றாள்."

வணக்கம்.